குவோமோவை ஆதரித்தவர்கள் மட்டுமா சங்கம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நியூயார்க் மேயர் தேர்தல் கட்டுரையைப் படித்தேன். ஜோரான் மம்தானி என்றாலே ‘மீரா நாயரின் மகன்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அதைத் தாண்டி, மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் (பிரைமரி) முன்னாள் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை அவர் தோற்கடித்தது பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் பெரிய சங்கங்கள் ஆதரித்த குவோமோ தோற்றதால் தொழிற்சங்க ஆதரவுக்கு இனி மதிப்பே இல்லை என்ற முடிவு அவசர முடிவு.

2025 ஜூன் 24 பிரைமரிக்கு முன் பெரிய சங்கங்கள் சில ஆண்ட்ரூ குவோமோவை ஆதரித்தது உண்மைதான். மருத்துவமனை ஊழியர்களின் 1199 எஸ்இஐயு, கட்டடங்களில் துப்புரவு, காவல் பணி செய்பவர்களின் 32பிஜே, ஹோட்டல் தொழிலாளர் சங்கம் எல்லாம் அந்தப் பக்கம். அவர் ஆளுநராக இருந்தபோதுதான், 2016இல், குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலர் வரை உயர்த்தும் சட்டம் வந்தது. அதை மறுக்க முடியாது. ஆனாலும் அவர்தான் ஜெயிப்பார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நாளைக்கு மேயர் நாற்காலியில் உட்காரப்போகிறவரை ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். மம்தானி ஜெயித்த சில நாள்களிலேயே 32பிஜேயும் ஹோட்டல் சங்கமும் அவர் பக்கம் வந்துவிட்டன. கொள்கைக்காக நின்றவர்கள் இவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார்கள்.

மாநகராட்சி ஊழியர்களின் டிசி 37 சங்கத்தையும் கட்டுரையாளர் குவோமோ கணக்கில் எழுதிவிட்டார். அது தவறு. அந்தத் தேர்தலில் ஒரு வாக்காளர் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம். டிசி 37 முதலிடத்துக்கு அப்போதைய நகர மன்றத் தலைவர் ஏட்ரியன் ஆடம்ஸையும் இரண்டாமிடத்துக்கு மம்தானியையும் சொன்னது. குவோமோவுக்கு இடமே இல்லை. 2012இல் அவர் கொண்டுவந்த ‘டியர் 6’ ஓய்வூதியத் திட்டத்தை அரசு ஊழியர்கள் மறக்கக்கூடியவர்களா? புதிதாகச் சேர்பவர்களுக்கு முழு ஓய்வூதிய வயதை 63 ஆக்கி, சம்பளப் பிடித்தத்தையும் கூட்டிய திட்டம் அது. ஆய்வு மாணவர்களும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் இருக்கும் யுஏடபிள்யூ (கார்த் தொழிலாளர் சங்கம்) 9ஏ மண்டலமோ, மம்தானியைப் பெரும்பாலோருக்குத் தெரியாத காலத்திலேயே ஆதரித்துவிட்டது. பின்தங்கியவர்களின் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணிய கடைசிச் சுற்றில் அவர் 56 சதவீதம் பெற்றதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

கட்டுரையில் டாக்சி ஓட்டுநர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. ‘மெடாலியன்’ என்கிற டாக்சி உரிமம் ஒரு காலத்தில் பத்து லட்சம் டாலர் வரை விலைபோனது. கடன் வாங்கி அதை வாங்கியவர்களில் தெற்காசியக் குடியேறிகள் ஏராளம். விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது, தற்கொலைகள் நடந்தன. 2021 இலையுதிர் காலத்தில் டாக்சி தொழிலாளர் சங்கம் மாநகராட்சிக் கட்டடத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்தபோது, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த மம்தானியும் 15 நாள் உடன் பட்டினி கிடந்தார். கடைசியில் கடனை 1,70,000 டாலருக்குக் குறைத்து, மாதத் தவணைக்கு 1,122 டாலர் என்று உச்சவரம்பு வைத்து நகர நிர்வாகம் இறங்கிவந்தது. இப்படிச் சேர்த்த நம்பிக்கை எந்தச் சங்கத்தின் ஆதரவு அறிக்கையிலும் வராது.

அங்கே நம்மூர்போல் கட்சிக்கொரு சங்கம் கிடையாது. ஒரே கட்சிக்குள் பத்துப் பேர் போட்டியிடும்போது யாரை ஆதரிப்பது என்று உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்டார்களா, அல்லது நிர்வாகக் குழுவே முடிவெடுத்ததா? சங்கம் சங்கமாக இதை விசாரித்து அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், ஆவடி