ஜெம்மின் தூதனும் மூடிய கோட்டைக் கதவும்

அன்பு நண்பா,

கதையின் முதல் பகுதி கிடைத்தது. 1481-ல் இளைய இளவரசர் ஜெம் உஸ்மானிய (ஒட்டோமான்) சுல்தானாகிவிட்டால் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் நீ வரலாற்றைத் திருப்பிய இடம் சரியில்லை.

மே 3 அன்று கெப்ஸே அருகே பாளையத்தில் ஜெம்மின் தந்தை, சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இறக்கிறார். தலைமை வஸீர் (முதலமைச்சர்) கரமானி மெஹ்மத் பாஷா சாவை மறைத்து, சுல்தானுக்குக் குளியல் தேவை என்று சொல்லி உடலைத் தலைநகர் இஸ்தான்புலுக்குக் கொண்டுவருகிறார். அமாஸ்யாவில் மூத்த மகன் பயசித், கோன்யாவில் இளையவர் ஜெம். இருவருக்கும் ஆள் போகிறது. ஜெம்முக்குப் போன தூதன் வழியில் பிடிபடுகிறான். உன் கதையில் அவன் தப்பிக்கிறான், ஜெம் முந்திக்கொள்கிறார்.

முந்தி வந்து என்ன செய்வார்? சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரிகள் கிடைத்த படகுகளில் நீரிணையைக் கடந்து வஸீரைக் கொன்றுவிட்டார்கள். நகரம் அவர்கள் கையில். பயசித் வரும்வரை அவர் மகன் கோர்குத்தைப் பொறுப்பில் உட்கார வைத்ததும் அவர்களே. ஜெம் வந்திருந்தால் கதவு திறந்திருக்காது. வெறுப்புக்குக் காரணம் பழையது: ஓயாத படையெடுப்பு, மதிப்பு குறைந்துகொண்டே போன அக்சே நாணயம், வக்ஃபு நிலங்களைப் பறித்துப் படைவீரர்களுக்குத் திமார் மானியமாகக் கொடுத்தது. அந்தப் பழியெல்லாம் வஸீர் தலையில். அவர் ஜெம்மின் பக்கம் என்பது ஊரறிந்த சேதி. பயசித் பிறகு அந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்ததைப் பார், எவ்வளவு கோபம் இருந்தது என்று புரியும்.

ஆகவே தூதன் தப்பிக்கும் கதையைக் கைவிடு, வஸீரைப் பிழைக்க வை. சாவுச் செய்தி கசியும் முன்பே அவர் கஜானாவைத் திறந்து ஜானிசரிகளுக்குப் பட்டமேற்பு இனாம் கொடுத்துவிடட்டும். பணம் கைக்கு வந்த படை எந்த இளவரசர் என்று அவ்வளவாகப் பார்க்காது.

இத்தாலி முழுக்க விழுந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதையும் அடித்துவிடு. 1480-ல் பிடித்த தென் இத்தாலிய ஊரான ஒத்ராந்தோ மறு ஆண்டு செப்டம்பரில் கைவிட்டுப் போனது. எந்த அண்ணன் தம்பி ஜெயித்தாலும் அனத்தோலியச் சண்டைக்கு, ஒத்ராந்தோவைப் பிடித்த தளபதி கெதிக் அஹ்மத் பாஷா தேவைப்பட்டிருப்பார். உண்மையான மாற்றம் வேறு: நிஜத்தில் நடந்ததுபோல ரோட்ஸ் தீவின் கிறிஸ்தவ வீரத்துறவிகள் கையில் பிணையாக ஜெம் இருக்கமாட்டார். அவரைப் பிடித்து வைத்திருக்க ஆண்டுக்கு 40,000 டுகாட்டுக்கு மேல் கொடுத்த பயசித்தே, இப்போது அமாஸ்யாவிலிருந்து கிழக்கே ஓடி அக் கொயுன்லு என்ற துருக்மேன் அரசிடம் அடைக்கலம் தேட வேண்டியிருக்கும்.

பூர்சாவில் ஜெம் ஆண்ட 18 நாளை மட்டும் வெட்டிவிடாதே. தன் பெயரில் குத்பா (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்), வெள்ளி நாணயம், ராஜ்ஜியத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கலாம் என்று பாட்டி முறையான செல்ஜுக் காதூன் வழியாக அனுப்பிய தூது. கற்பனையே வேண்டாம், அப்படியே எழுதலாம்.

அடுத்த பகுதியை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்