பொருள்: தேவையின்றி மாற்றப்பட்ட காற்று சென்சாருக்கான பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்:
கிளை மேலாளர்,
கார் பழுதுபார்ப்பு நிலையம், காக்கி புக்கிட், சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மாதம் என் காரை உங்கள் பட்டறையில் விட்டேன். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது, துவாஸ் போகும் வழியில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வேகமெடுத்தால் உதறல் அடங்கிவிடுகிறது என்று தெளிவாகச் சொன்னேன். உங்கள் ஊழியர் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியை இணைத்தார். பி0171 என்ற குறியீடு வந்தது. காற்றின் அளவை அறியும் சென்சாரை மாற்றி 480 வெள்ளி வாங்கினீர்கள். சில நாட்களிலேயே எச்சரிக்கை விளக்கு மீண்டும் எரிந்தது.

அந்தக் குறியீடு, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. காற்றுக்கு ஈடான பெட்ரோல் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. ஏன் இல்லை என்று தேடுவதற்குத்தான் உங்களிடம் வந்தேன்.

என் காரில் அந்த சென்சார், காற்று வடிகட்டிப் பெட்டிக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வான த்ராட்டிலுக்கும் இடையே இருக்கிறது. உள்ளே சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் நிறையைக் கணித்து, அதற்கேற்ப பெட்ரோல் செலுத்தப்படுகிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் குழாய் கிழிந்திருந்தால், அங்கே நுழையும் காற்று கணக்கிலேயே வராது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால், கசிவின் பங்கு பெரிதாகி உதறும். வேகத்தில் அந்தப் பங்கு சிறுத்துவிடும். நான் முதலில் சொன்ன அறிகுறியே இதுதான்! கேட்டும் கவனிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

சின் மிங்கில் வேறொரு மெக்கானிக் த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தார். மடிப்பில் வெடிப்பு இருந்தது. குழாயை மாற்றியதும் கார் சீரானது.

உங்கள் ரசீதில் 'மேனிஃபோல்டு அழுத்த சென்சார்' என்று எழுதியிருக்கிறது. அது த்ராட்டிலுக்குப் பின்னால், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டு குழாய்களில் காற்றழுத்தத்தை அளக்கும் வேறு பொருள். எதை மாற்றினீர்கள் என்பதைக்கூடச் சரியாக எழுதவில்லை. பழைய சென்சாரைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

சென்சாரின் விலையையும் கூலியையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். குழாய்களைச் சோதித்தீர்களா என்பதற்கு எழுத்துமூலம் பதில் வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இரண்டு ரசீதுகளுடன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்