அருட்தந்தை எமில் கபான் நினைவுக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சொந்தங்களே,

மே 23 சாயங்காலம் எங்கள் தெருமுனையில் நடந்த கூட்டம் உங்களால்தான் நடந்தது. மேடையில் நன்றி சொல்ல மைக்கை வாங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கபான் 1916ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சின்ன ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1940ல் குருவானவர் ஆனார். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் பர்மாவிலும் நம் இந்தியாவிலும் பட்டாளத்துச் சாமியாராக இருந்திருக்கிறார். 1950ல் கொரியப் போர். ஜீப்பின் முன்பக்கத்தையே பலிபீடமாக வைத்துப் பூசை செய்தார். அந்த நவம்பர் மாதத் தொடக்கத்தில் உன்சான் என்ற இடத்தில் சீனப் படை இவர்களைச் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வழி இருந்தும், காயம்பட்டவர்களை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். கணுக்கால் சிதறிக் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜெண்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபோது, கபான் நேராக நடந்துபோய் அதைத் தள்ளிவிட்டு மில்லரைத் தூக்கிக்கொண்டார்.

கூட்டத்தில் நாங்கள் நடித்துக் காட்டிய இந்தக் காட்சியில் கபானாக நடித்த தம்பி ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர். "சும்மா நடிக்க மாட்டேன் அண்ணே, நிஜமாத்தான் தூக்குவேன்" என்றார். தெருக்கோடியிலிருந்து கூட்டத்துக்கு நடுவே ஒரு பையனைத் தோளில் சுமந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. தம்பி, உனக்கு என் முதல் நன்றி.

அந்த வீரத்துக்குத்தான் 2013ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரைக் கொடுத்தார்கள். ஆனால் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்த எனக்கு, சீனர்களிடம் பிடிபட்ட பிறகு வட கொரியாவின் பியோக்டாங் சிறைமுகாமில் அவர் செய்ததுதான் இன்னும் பெரிதாகப் படுகிறது. உடம்பை உறைய வைக்கும் குளிர், பசி, சீதபேதி. எழுந்திருக்க முடியாதவர்களின் அழுக்குத் துணியை அவர் அலசிப் போட்டார். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டிப் பாத்திரம் செய்து, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சினார். காய்ச்சின தண்ணீர் அந்த நேரத்தில் எத்தனை உயிர் என்பது வார்டில் நின்றவனுக்குத் தெரியும்.

அந்தப் பாத்திரத்தைச் செய்து காட்ட வேண்டும் என்று தகரப் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். கத்தரியை ஓரமாக வைத்துவிட்டார். "அந்தச் சாமிக்குக் கத்தரி யார் குடுத்தா? ஒரு கல்லு எடுத்தாங்க" என்றார். நாலு மூலையையும் மடித்து, மடிப்பின் மேல் மடிப்பாகத் தட்டினார். தண்ணீர் ஊற்றியதும் ஒரு மூலையில் சொட்டியது. கவிழ்த்து மறுபடி தட்டினார். அப்புறம் சொட்டவில்லை. மூன்று செங்கல் வைத்து, மேடையிலேயே அதில் தண்ணீர் கொதித்தபோது ஆவியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும், "பேதி துணியக்கூடவா அந்தச் சாமியாரு கையால தொவச்சாரு?" என்று கேட்டார். காலமெல்லாம் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். "ஆமாம் ஆயா" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

கத்திரி வெயிலில் கொரியாவின் பனியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, ஐஸ் கம்பெனியில் வேலையே குறைவு. அப்படியும் முதலாளி இரண்டு பார் ஐஸை உடைத்து மீன் டப்பில் கொட்டி அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. வெறுங்காலோடு அதில் நின்ற பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் குதித்து வெளியே வந்தார்கள். அவர் ஒரு பனிக்காலம் முழுக்க அங்கே கிடந்தார் என்று சொன்னதும் ஒரு சிறுமி என் முகத்தையே பார்த்தாள்.

1951 ஈஸ்டருக்கு ஜெபம் நடத்திய கபான், அதே ஆண்டு மே 23ல், 35 வயதில், அந்த முகாமிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு அங்கே வந்த ஜெரால்ட் ஃபிங்க் என்ற யூத வீரர், அவரை நேரில் பார்த்ததே இல்லை. மற்ற கைதிகள் சொல்லக் கேட்டே, விறகுக் கட்டையில் நாலடி உயரத்துக்கு ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், செதுக்கினார். 1953ல் விடுதலையானவர்கள் அதைக் கையோடு வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் மேடைக்கு அதே அளவில் சிலுவை செய்து கொடுத்தவர் மரப் பட்டறை பாய். அசர் தொழுகை முடித்து, அவரே தோளில் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பாய், உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதே போரில் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் இந்திய ராணுவத்தின் மருத்துவப் பிரிவான 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதையும், அவருக்கு மகா வீர் சக்ரா கிடைத்ததையும் எடுத்துச் சொன்ன முன்னாள் ராணுவ நண்பர்களுக்கும், முதலில் கேட்ட இடம் கடைசி நேரத்தில் கைவிட்டபோது தெருவையே பெருக்கிக் கொடுத்த பெண்களுக்கும், மைக்செட் தம்பிக்கும், மோர் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி.

கபானின் எலும்புகள் 2021ல்தான் அடையாளம் காணப்பட்டு, விசிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2025ல், புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படியாக, அவர் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

தகரப் பாத்திரம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பள்ளி திறந்ததும் மறைக்கல்வி வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன். அதற்குள் பார்க்க நினைக்கிறவர்கள் எந்நேரமும் வரலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவப் படை ஹவில்தார்,
காசிமேடு