சொக்கை மட்டும் மாற்றி ஜீப்பை அனுப்பிவிட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு வண்டியின் சொக்கை (ஷாக் அப்சோர்பர், வண்டி துள்ளாமல் அடக்குவது) மட்டும் மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டேன். நான் செய்த அந்தப் பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதே பிழை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேறு கராஜ்களிலும் நடப்பதை இப்போது கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

செட்டிபாளையத்தில் 27 வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். 2024 ஆனி மாதம் மண்டூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஏழு இருக்கை ஜீப்பைக் கொண்டுவந்தார். கொரியத் தயாரிப்பு. பின்பக்கச் சொக் ஒன்றில் எண்ணெய் கசிந்து அடிவரை வழிந்திருந்தது. கம்பெனிச் சொக்குக்கு விலை கேட்டோம். சோடி இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். சேர் பென்சன்காரர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகம் விற்கும் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். வண்டியின் பேரையும் வருடத்தையும் மட்டும் கேட்டுவிட்டு, 46,000 ரூபாய்க்குச் சாதாரணச் சொக் ஒரு சோடி அனுப்பினார்கள். பெட்டியில் அந்த வண்டியின் பேர் இருந்தது, போல்ட் துளையும் சரியாக வந்து பொருந்தியது. அரை நாளில் வேலை முடிந்தது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், குறை ஒன்றும் தெரியவில்லை.

ஆடியில் சேர் குடும்பத்தோடு உகந்தை முருகன் கோயிலுக்குப் போனார். எட்டுப் பேர், சமையல் பானைகள், அரிசி, தண்ணீர்க் கேன்கள். பாணமைக்கு அங்காலே உகந்தை வரைக்கும் கிரவல் றோட்டு. அங்கேயே பின்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியிருக்கிறது. திரும்பி வரும்போது இரவு. கோமாரிக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன், ஜீப்பின் வெளிச்சம் கண்ணில் அடித்ததில் றோட்டை விட்டு மணலில் இறங்கி விழுந்தான். முழங்காலும் முழங்கையும் உரிந்ததோடு தப்பினான். சேர் லைட்டை 'டிம்'மில்தான் வைத்திருந்தார். பின்பக்கம் குந்திவிட்டால் முன்பக்கம் மூக்கை நிமிர்த்தும், டிம் வெளிச்சமும் எதிரே வருபவன் முகத்துக்கே போகும்.

அடுத்த நாள் காலை வண்டி என் கராஜுக்கு வந்தது. சாமான் இறக்கவில்லை, இறக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ரயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் என் நான்கு விரல் போகும் இடத்தில் ஒரு விரல்கூடப் போகவில்லை. ஜக் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரும்பில் இரும்பு முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் இரண்டும் கிழிந்து, தொட்ட இடமெல்லாம் புட்டு மாதிரி உதிர்ந்தது. சேர் கோபப்படவில்லை. "தம்பி, ஸ்டியரிங் கையில நிக்கல்ல, மிதக்கிற மாதிரி இருந்திச்சு. புதுச் சொக்தானே போட்ட, ஏன் இப்பிடி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என்னிடம் தொழில் பழகிய பொடியன் ஒருவன் இப்போது சுவிஸில் கராஜில் வேலை செய்கிறான். வீடியோவில் கூப்பிட்டுப் பழைய சொக்கைக் காட்டினேன். உடனே சொன்னான்: "அண்ணன், அது சொக் மட்டும் இல்ல. வண்டிட பாரத்தில ஒரு பங்க அதுதான் தாங்குது. நீங்க சொக்க மாத்தினீங்க, ஸ்பிரிங்க மாத்தல்லியே?" மறுகாதான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதன் உடம்பு நன்றாகவே தடித்தது, கனமும் கூட. கழற்றிய அன்றைக்கே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சாதாரணச் சொக் பாரம் தாங்குவதில்லை. வண்டியின் பாரம் ஸ்பிரிங்கில் நிற்கும், அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவதுதான் சொக்கின் வேலை. தானாக உயரம் சரிசெய்யும் சொக் வேறு சாதி. ஜெர்மனியில் சாக்ஸ் கம்பெனி நிவோமாட் என்ற பேரில் செய்வது அந்த வகை. அதற்கு வயர் இல்லை, கொம்பிரசர் இல்லை, வெளியே குழாயும் இல்லை. உள்ளே எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கின்றன. வண்டி ஓடும்போது சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு அசைவிலும் உள்ளே இருக்கும் பம்ப் எண்ணெயை அழுத்தம் கூடிய அறைக்கு ஏற்றும். ஆள் ஏறிச் சாமான் ஏற்றியதும் பின்பக்கம் குந்தும், ஓரிரு கிலோமீற்றர் ஓடினால் தானே எழும்பிப் பழைய உயரத்துக்கு வந்துவிடும். இந்தச் சொக் பாரத்தில் பங்கு எடுக்கும் என்று கணக்கு வைத்துத்தான் அந்த வண்டிகளுக்குப் பின் ஸ்பிரிங்கை மெலிதாகப் போடுகிறார்கள். சொக்கைக் கழற்றிவிட்டால் மெலிந்த ஸ்பிரிங் தனியே நிற்கும். அந்த நிலையில்தான் நான் எட்டுப் பேரை உகந்தைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் பின் அச்சிலேயே பாரத்துக்கு ஏற்ப உயரம் பிடிக்கும் அமைப்பு இருந்தது. எங்கள் கைக்கு இப்படியான வண்டிகள் அதிகம் வராததால் நாங்கள் படிக்காமல் விட்டுவிட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளைத்தான் உருட்டினோம். இடையில் 2022இல் ரூபாய் விழுந்து கம்பெனிச் சாமான் கைக்கு எட்டாமல் போனது. வெளிச்சாமான் போடுவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை, நானும் தினமும் போடுகிறேன். அதைப் போடுகிறவன் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போட வேண்டும், வண்டிக்காரரிடம் அதைச் சொல்லியே போட வேண்டும்.

சேரின் ஜீப்புக்கு நான் அதைத்தான் செய்தேன். அதே மொடலில் இந்தச் சொக் இல்லாமல் வந்த வண்டிகளும் உண்டு. அப்படி உடைத்த வண்டி ஒன்றிலிருந்து பின் ஸ்பிரிங் இரண்டும் எடுத்தேன், 38,000 ரூபாய். பம்ப் ஸ்டொப்பும் புதிது. காசு என்னுடையது, சேரிடம் வாங்க மனம் வரவில்லை. சுவரில் கோடு போட்டு முன்விளக்கையும் சரிசெய்தேன். இப்போது வெறும் வண்டி பழையதை விட இரண்டு சென்றிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. தனியாகப் போகும்போது கொஞ்சம் இறுக்கமாகக் குலுக்கும் என்று சேரிடம் முதலே சொன்னேன். எட்டுப் பேரை ஏற்றி அளந்து பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் ரப்பர் கட்டை திணித்து உயர்த்துவதையும் இங்கே பல இடங்களில் காண்கிறேன். கட்டை திணித்த இடத்தில் சுருள் அசையாது, மற்றச் சுருள்கள்தான் எல்லா அடியையும் வாங்கும். போன மாதம் ஏறாவூர்ப் பக்கத்து வான் ஒன்று ஸ்பிரிங் உடைந்து என்னிடம் வந்தது. கட்டை அப்படியே உள்ளே இருந்தது.

பாகம் விற்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பேரையும் வருடத்தையும் கேட்பதோடு நிற்காமல் செசி நம்பரையும் கேளுங்கள். உயரம் சரிசெய்யும் சொக்குக்குப் பதிலாகச் சாதாரணச் சொக் கொடுத்தால் 'ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும்' என்று பில்லில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இதை ஒரு பாடமாகக் காட்டலாம். வருடாவருடம் லைசனுக்காக எடுக்கும் புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும், வண்டி குந்தியிருப்பதை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. சாமான் ஏற்றி நிற்கும்போது பின்பக்கம் குந்தியிருப்பதைப் பார்த்துச் சொக் போய்விட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். ஓரிரு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். எழும்பியிருந்தால் சொக் நல்லாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழற்றிய சொக்கைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பவர்கள், அதை கேஸ் வைத்து வெட்ட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது, சூடேறினால் வெடிக்கும்.

சேரின் வண்டியில் கழற்றிய இரண்டு சொக்கும் இன்னும் என் மேசைக்குக் கீழேதான் இருக்கின்றன. தொழில் பழகும் தம்பிமார் யாராவது பார்க்க விரும்பினால் வரலாம், பக்கத்தில் ஒரு சாதாரணச் சொக்கையும் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளர் ஒருவர்,
செட்டிபாளையம், மட்டக்களப்பு.