இருக்கிறதா, இல்லையா? ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாருக்காக ஆறாவது கடிதம்

அனுப்புநர்: உங்கள் 1994-ஆம் ஆண்டு வாடிக்கையாளர், ஊத்தான் மெலிந்தாங், பேராக்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 15 குதிரைசக்தி மோட்டாருக்கு வாட்டர் பம்ப் சாமான் கிடைக்காதது, கிள்ளானில் தவறான சாமானை விற்றுவிட்டுத் திருப்பி வாங்க மறுத்தது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்தையும் என் பேத்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் ஈமெயிலில் அனுப்பினாள். ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, மூன்று வேலை நாள்களில் தொடர்புகொள்வோம். அந்த மூன்று வேலை நாள் ஏப்ரலில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி உங்கள் வாழ்த்து விளம்பரம் தமிழில் வருகிறது. அதை எழுத ஆள் இருந்தால் இதைப் படிக்கவும் ஆள் இருப்பார் என்று இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் 15 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் மோட்டார். எந்த மாடல் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஆற்றங்கரையில் பத்துப் படகில் எட்டில் தொங்கியது அதுதான். 1994-இல் தெலுக் இந்தானில் உங்கள் ஏஜெண்டிடம் முழுக் காசும் கட்டி வாங்கினேன். அந்தக் கடை இப்போது கைப்பேசிக் கடையாகிவிட்டது. நான் அங்கே போய் நின்றபோது அந்தப் பெண் எனக்கு ஃபோன் உறை விற்கப் பார்த்தாள். அது உங்கள் தவறில்லை, சரி.

எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் இரண்டாவது இழுப்பில் எடுக்கும். செம்பனை ஆலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், கெட்டது எஞ்சினைக் குளிரவைக்க ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் வாட்டர் பம்ப் மட்டும்தான். பெர்ணம் ஆற்றுத் தண்ணீர் பால் காப்பி நிறத்தில் இருக்கும். அந்தச் சேறு, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சுற்றும் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் அராவிவிட்டது. இம்பெல்லரை நான் வருடா வருடம் மாற்றுகிறவன். ஆனால் கிண்ணம் தேய்ந்த பிறகு புது ரப்பர் போட்டு என்ன பிரயோசனம்? மெதுவாக ஓட்டினால் தண்ணீர் மேலே ஏறுவதே இல்லை. பின்னால் பீச்ச வேண்டியது சொட்டுகிறது. தண்ணீர் ஏறாமல் ஓட்டினால் எஞ்சின் என்ன ஆகும் என்பது செய்த உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு வேண்டியது மூன்றே சாமான்: கிண்ணம், தகடு, கேஸ்கட். மோட்டாரோடு நீங்கள் கொடுத்த புத்தகத்தை இன்னும் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அதிலுள்ள சாமான் எண்கள் எனக்கு மனப்பாடம்.

இப்போது கிள்ளான் கதைக்கு வருகிறேன். இல்லை, அதற்கு முன்னால் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிள்ளான்கூட எனக்கு மறந்துபோகும், அது மறக்காது. ஜூன் மாதம் உங்கள் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தபிறகு ஒரு பையன் எடுத்தான். மலாயில் ஆரம்பித்தேன், என் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினான். நம்ம பையன், நல்லபடியாகப் பார்ப்பான் என்று சந்தோஷப்பட்டேன். மோட்டார் வாங்கிய வருடத்தைக் கேட்டான், சொன்னேன். “அங்கிள், அது என்னைவிட மூத்தது லா. மியூசியத்துக்குக் குடுத்திட்டு ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்க” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது. எனக்கு வயது 68. அந்தப் பையனின் அப்பாவிடம் யாராவது இப்படிச் சிரித்தால் அவன் பொறுத்துக்கொள்வானா?

ஃபோர் ஸ்ட்ரோக் எடு என்கிறீர்கள். என் மோட்டார் 36 கிலோ. நீங்கள் விற்பது 50 கிலோவுக்குக் குறையாது. படகிலேயே விட்டால் ராத்திரியில் காணாமல் போகும் என்பதால் தினமும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவன் நான். விலையோ பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஒரு கிண்ணத்துக்காகவா?

கிள்ளான். உங்கள் கிளையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு “ஸ்டாக் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். நான் கெஞ்சவில்லை, அவர்களாகத்தான் சொன்னார்கள். மருமகனுக்கு லீவு போடச் சொல்லி, அவனுடைய கான்சில் காரில் காலையிலேயே கிளம்பினோம். சபாக் பெர்ணம், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், காப்பார். வழி நெடுக லோரிகளின் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி 12.55. கவுண்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே ‘மதிய உணவு’ அட்டையை எடுத்து வைத்தார். இரண்டு மணி வரை வெயிலில் நின்றோம்.

அப்புறம் டப்பாவைக் கொண்டுவந்தார். டப்பாவின் மேல் எண் சரி. உள்ளே இருந்தது வேறு மோட்டாரின் கிண்ணம். பழைய பம்பை மைலோ டின்னில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஷாஃப்ட் ஓட்டையே வேறு என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சிஸ்டத்தில் இதுதான் காட்டுகிறது” என்றார். 118 வெள்ளியை அவர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிட்டார்கள். திருப்பிக் கேட்டால் ரசீதின் அடியில் எறும்பு அளவு எழுத்தைக் காட்டினார்: விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது. விற்றது சரியான சாமானாக இருந்தால் நான் ஏன் திருப்பித் தரப்போகிறேன்?

அமெரிக்காவில் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பதையே 2020-இல் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள்கூட உதிரிபாகம் தொடர்ந்து தருவோம் என்று அறிவித்தார்கள். நீங்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே இல்லை என்கிறீர்கள். இல்லை என்றுகூட நேராகச் சொல்வதில்லை, அதுதான் என் கோபம். தலைமை அலுவலகம் கிளையைக் கேள் என்கிறது, கிளை டீலரைக் கேள் என்கிறது, டீலர் இருந்த இடத்தில் ஃபோன் உறை விற்கிறார்கள்.

ஏழு மாதமாகப் படகு கரையில் கிடக்கிறது. நஷ்டம் இருபதாயிரம் வெள்ளிக்குக் குறையாது. நான் பிடிக்கும் ஊடாங் காலா, அதாவது பெரிய ஆற்று இறால், கிலோ என்ன விலை என்று பசாரில் கேட்டுப் பாருங்கள். மருமகனின் ஒரு நாள் சம்பளம், பெட்ரோல், பேத்தியின் படிப்பு நேரம், எனக்கு ஏறிய பிரஷர் எல்லாம் இதில் சேரவில்லை. மார்ச்சில், வற்றுத் தண்ணீரில், எஞ்சின் சூடாகி நடு ஆற்றில் நின்றுவிட்டது. முகத்துவாரம் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கரையோர நீப்பா பனை மட்டையைப் பிடித்துத்தான் கரை ஏறினேன். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை என் பேத்தி எழுதியிருப்பாள்.

நான் சண்டை போட விரும்புகிறவன் அல்ல. முப்பது வருடம் உங்கள் மோட்டாரை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தவன். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு உதிரிபாகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. முப்பது வருடம் நியாயமான காலமா என்று உங்கள் வக்கீல் கேட்பார். கேட்கட்டும், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு இடமில்லை. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மோட்டாருக்கு வழியில்லை என்றாலும் அந்த 118 வெள்ளிக்கு நான் போவேன், வைராக்கியத்துக்காகவாவது போவேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் நகல் தயாராக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.

தயவுசெய்து இவ்வளவு செய்யுங்கள். அந்த மூன்று சாமானும் எங்காவது ஒரு கிடங்கில் இருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். எண் மாறியிருந்தால் புது எண்ணைக் கொடுங்கள், நானே தேடிக்கொள்கிறேன். செய்வதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள், பட்டறையில் கடைந்துகொள்கிறேன். 118 வெள்ளியைத் திருப்பி அனுப்புங்கள். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், போதும்.

பதினான்கு நாள் பார்ப்பேன். வேலை நாள் கணக்கு இல்லை, சாதாரண நாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: கோபத்தில் என் மைலோ டின்னைக் கிள்ளான் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பழைய பம்போடு ஷாஃப்டில் செருகும் அரை நிலா சாவியும் அதற்குள் இருக்கிறது. புதுச் சாமான் கிடைத்தாலும் அது இல்லாமல் மாட்ட முடியாது. தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதலில் அதை அனுப்புங்கள்.