தனியாள் நிரலும் பொதுப் பயனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைப்பேசி முதல் கார் வரை எண்ணற்ற கருவிகளில் இணையத் தரவைக் கொண்டுவரும் ‘கர்ல்’ என்ற திறமூல (மூல நிரல் அனைவருக்கும் திறந்த) மென்பொருள், ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் நாணய மாற்று விகிதங்களைத் தானாகப் பெறுவதற்காக 1996-இல் கையிலெடுத்த ஒரு சிறு நிரலிலிருந்து வளர்ந்தது என்பதைக் கணினித் துறையினரிலேயே பலர் அறிந்திருப்பதில்லை. 1998-இல் இப்பெயரைப் பெற்று, 2000-இல் பிற நிரல்களுக்குள் பொருத்தத்தக்க நிரலகமாகவும் வெளிவந்த அதை, அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பல்லாண்டுகள் ஓய்வு நேரத்தில் பராமரித்தார்; 2019-இல்தான் அது அவருக்கு முழுநேரப் பணியாயிற்று.

எழுதுவதைவிடப் பராமரிப்பதே கடினம். ஏறத்தாழத் தனியாளாக, தரவின் அளவைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ நிரலகத்தைக் கவனித்துவந்தவரின் களைப்பைப் பயன்படுத்திப் பொறுப்பில் நுழைந்த ஒருவர் பிறர் கணினிகளுக்குள் ரகசியமாக நுழைய அதில் திருட்டு வழி வைத்ததும், கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஒரு பொறியாளரால் அது 2024 மார்ச்சில் வெளிப்பட்டதும் (தற்செயல் என்றே சொல்ல வேண்டும்) இதற்குச் சான்று.

இறுதியாண்டு மாணவர் இத்தகைய நிரலகம் ஒன்றில் உண்மையான பிழையைத் திருத்தித் தந்தால், செயற்கை நுண்ணறிவு எழுதிய போலிப் பிழை அறிக்கையை அனுப்பிப் பராமரிப்பவரை அலைக்கழிக்காத வரையில், நம் பொறியியல் கல்லூரிகள் அதையும் புராஜெக்டாக ஏற்று மதிப்பெண் வழங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.