வானத்தைக் கடைசியில் தொடு

அன்புள்ள முக்காலி,

நீ கட்டடங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்த மூன்று படங்கள் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. "பார்த்தேன், அப்புறம் எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டதோடு சரி. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி, பயிற்சி செய்கிறாயா என்றெல்லாம் கேட்டதாக வைத்துக்கொள்.

படங்களை வாத்தியாரிடமும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இவன் இன்னும் கரிமூட்டைதான் தூக்குறானா?" என்றார். உன் கறுப்பு வானத்தைத்தான் சொல்கிறார், உனக்குப் புரியும்.

இரண்டாவது படத்தை எடுத்துக்கொள், அந்தக் கண்ணாடிக் கோபுரம். முழுதாகப் பார்த்தால் கம்பீரம்தான். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வலது விளிம்பை மட்டும் மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போ. கட்டடத்துக்கும் வானத்துக்கும் நடுவே மூன்று, நான்கு பிக்சல் அகலத்தில் ஒரு வெள்ளை நூல் ஓடுகிறதே, தெரிகிறதா? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அது இன்னும் தடிக்கிறது. ஆன்டெனாவைச் சுற்றி, சாமி படத்தில் இருப்பது மாதிரி ஒளிவட்டமே போட்டிருக்கிறாய். வானத்தின் கறுப்புக்குள் அம்மைத் தழும்பு போல நாய்ஸ், அதாவது பொரிப்பொரியாகப் புள்ளிகள். கருப்பு வெள்ளையாக்கும்போது நீலம் எவ்வளவு இருட்டாக வேண்டும் என்று சொல்லும் நீல ஸ்லைடரை மைனஸ் எண்பதுக்கு இழுத்திருக்கிறாய். மறுக்காதே.

விளிம்பில் இருக்கும் பிக்சல் முழு வானமும் இல்லை, முழுக் கட்டடமும் இல்லை. பாதி நீலம், பாதி சாம்பல். ஸ்லைடர் நீலத்தைத் தேடிப் பிடித்து இருட்டாக்குகிறது. நிறம் மங்கிய இந்தக் கலப்புப் பிக்சல் அதன் கையில் சிக்காமல் பழைய வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது. அதுதான் அந்த நூல். லென்ஸின் நிறப்பிறழ்வு விளிம்பில் ஊதாவோ பச்சையோ தீட்டியிருந்தால் இன்னும் மோசம். அதை ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்), நிறம் இருக்கும்போதே நீக்கிவிட வேண்டும், கருப்பு வெள்ளை ஆக்கிய பிறகு நீக்குவதற்கு அங்கே நிறமே இருக்காது. இதற்கு மேல் ஷார்ப்பனிங்கும் ஏற்றினால் நூல் கயிறாகிவிடும்.

விளிம்பையாவது ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். எனக்குப் பெரிய வருத்தம் வேறு. கண்ணாடி முகப்பு பிரதிபலிப்பதே வானத்தைத்தான். வானத்தின் நீலத்தை இழுத்தால் கோபுரத்தின் முகமும் கூடவே இறங்கும். இடதுபக்க முகத்தைப் பார், பதினைந்தாவது மாடிக்கு மேல் அது வானத்தோடு கரைந்தே போய்விட்டது. கட்டடத்தை எடுத்துக்காட்டத்தானே வானத்தைக் கறுப்பாக்கினாய்? கட்டடத்தையே விழுங்கிவிட்டதே.

இப்படிச் செய்து பார். கருப்பு வெள்ளையாக்கும்போது ஸ்லைடர்களை இருபதுக்கு மேல் எந்தப் பக்கமும் நகர்த்தாதே. படம் சப்பென்று சாம்பலாக வரட்டும், பயப்படாதே. ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டில் திற, சாம்பலுக்கு நிறைய படிகள் கிடைக்கும். 8 பிட்டில் திறந்தால் பின்னால் வானத்தில் படிக்கட்டு விழும். அப்புறம் விளிம்பைக் கையால் கோடு போட்டுப் பிடிக்கும் பென் டூலை எடு. தானாகவே தேர்வு செய்யும் மேஜிக் வாண்டைத் தொட்டால் கையை ஒடிப்பேன். வானம் ஒன்று, வெளிச்சம் விழும் முகம் ஒன்று, நிழல் முகம் ஒன்று, அடித்தளம் ஒன்று, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வளைவு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை போட்டு, தேர்வாக்கி, ஃபெதர் (விளிம்பின் மென்மை) அரை பிக்சல் வைத்து, பிறகு திரும்ப எடுக்கத் தனித்தனி ஆல்ஃபா சேனலாகச் சேமி. நேர்க்கோட்டுக் கட்டடத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வளைந்த கட்டடம் என்றால் ஒரு நாள் போய்விடும். சலிப்பான வேலைதான். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

மிச்சம் நிற்கும் நூலுக்கு மருந்து உண்டு. வானத் தேர்வை இரண்டு பிக்சல் விரித்துக்கொள். ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்பை டார்க்கன் முறையில் வைத்து, பக்கத்திலேயே உள்ள வானத்தை மாதிரி எடுத்து விளிம்போரமாகத் தீட்டு. மாதிரியைவிட வெளிச்சமான பிக்சல் மட்டும் மாறும். இருட்டான சுவர் தப்பித்துக்கொள்ளும். வெளிச்ச முகம் இருக்கும் பக்கத்தில் இதைச் செய்யாதே, சுவரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இனி முகங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை தொனிகளை எண்ணிட்டுப் பிரிக்கும் மண்டல முறையை நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், இப்போது நீயே மறந்துவிட்டாய். ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்கு. ஐந்தாம் மண்டலம் நடுச்சாம்பல், மூன்றில் நிழலுக்குள் இழைநயம் தெரியும், ஏழில் வெளிச்சத்துக்குள் தெரியும். ஒட்டியிருக்கும் இரண்டு முகங்கள் ஒரே மண்டலத்தில் நிற்கக் கூடாது. உன் கோபுரத்தில் வெளிச்ச முகத்தை ஏழிலும் நிழல் முகத்தை மூன்றிலும் வை. மூலையில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் உச்சத்திலும் இருட்டு ஆழத்திலும் இருக்கட்டும். அங்கிருந்து விலக விலக இரண்டும் ஐந்தை நோக்கி மெல்ல நகரட்டும். அந்தந்தத் தேர்வுக்குள் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் அடுக்கு ஒன்று, அது எங்கே எவ்வளவு படியும் என்று சொல்லும் மாஸ்க்கில் நீளமான கிரேடியன்ட் (மெல்ல மாறும் சாம்பல்) ஒன்று, அவ்வளவுதான். வளைவுக்கு மட்டும் வேறு கணக்கு. நடுவே வெளிச்சம், இரு ஓரமும் இருட்டு. தட்டையாக ஒரே சாம்பல் பூசினால் உருளை அட்டை வெட்டினது மாதிரி ஆகிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி. ஜப்பானியப் புகைப்படக்காரர் ஹிரோஷி சுகிமோட்டோ 1997-இல் தொடங்கிய கட்டடப் படங்கள் ஞாபகம் இருக்கிறதா? லென்ஸை முடிவிலியையும் தாண்டி, 'இரு மடங்கு முடிவிலி' என்று அவர் சொன்ன இடத்துக்கு நகர்த்திக் கட்டடத்தை மங்கலாக்கினார். நுணுக்கமெல்லாம் உருகி வடிவம் மட்டும் எஞ்சியது. உன் படத்தின் நகலில் படத்தை மங்கலாக்கும் காஷியன் பிளர் ஐம்பது பிக்சல் போட்டுப் பார். மங்கலிலும் கோபுரம் கோபுரமாக நின்றால் தொனிகள் சரி. இப்போதுள்ள படத்தில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும்தான் மிஞ்சுகிறது. பார்த்துவிட்டேன்.

கொஞ்சம் சீரியஸாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று படத்திலும் வானம் ஒரே கறுப்பு. கான்கிரீட், கண்ணாடி, உலோகத் தகடு என்று மூன்றும் மூன்று விதமான கட்டடங்கள். மூன்றுக்கும் ஒரே வானம் எப்படிப் பொருந்தும்? புகைப்படக்காரர் லூசியன் ஹெர்வே 1949-இல் பிரான்ஸின் மார்சேய் போய், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படம் எடுத்தார். அதைப் பார்த்துத்தான் கொர்பூசியே அவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டார். ஹெர்வே படங்களிலும் கனத்த கறுப்பு உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு, வெயில் கான்கிரீட்டில் வெட்டிய நிழல். நிழலே அங்கே ஒரு உருவம். மறுகோடியில் ஜெர்மன் புகைப்படக்காரர்கள் பெர்ன்ட், ஹில்லா பெச்சர் தம்பதி. தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் எடுக்க அவர்கள் மேகமூட்டமான நாளுக்குக் காத்திருந்தார்கள். நிழலே விழாத வெளிறிய வானம்தான் வேண்டும். இரண்டு பக்கமும் கட்டடத்துக்கு என்ன தேவையோ அதுதான் வானமாயிற்று. உன் படங்களில் வானம் முதலில் முடிவாகிவிடுகிறது, கட்டடம் அதற்கு அனுசரித்துப் போகிறது. முகங்களையெல்லாம் முடித்த பிறகு வானத்துக்கு வா. அந்த உலோகத் தகட்டுக் கட்டடத்துக்கு நான்காம் மண்டலச் சாம்பலே போதும் என்று நினைக்கிறேன்.

மேகத்துக்கு வருவோம். மூன்றாவது படத்தில் ஷட்டரை முப்பது வினாடி திறந்திருக்கிறாய். உயரத்து மேகம் அத்தனை நேரத்தில் கால் அடி வைத்திருக்கும்; அதனால்தான் மேகமும் இல்லாமல் கோடும் இல்லாமல் அழுக்குத் துணி மாதிரி கிடக்கிறது. நான்கைந்து நிமிடமாவது வேண்டும். உன்னிடம் வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் இருக்கிறது: 1/125 வினாடி என்றால் அதைப் போட்டதும் 8 வினாடி. ஆறு ஸ்டாப் ஃபில்டரையும் மேலே சேர்த்தால் 64 மடங்கு, எட்டே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேரம் அதிகமென்றால் லென்ஸின் துளையை ஒரு ஸ்டாப் திற. எஃப்/8-லிருந்து எஃப்/11 வரை போதும். எஃப்/22-க்குத் துளையைச் சிறிதாக மூடினால் டிஃப்ராக்ஷனில் (சிறு துளையில் ஒளி வளைந்து சிதறுவதில்) ஜன்னல் சட்டமெல்லாம் மழுங்கும், சென்சார் தூசியும் வானத்தில் ஊர்கோலம் போகும். ஃபோகஸை ஃபில்டர் போடுவதற்கு முன்பே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடு. உன்னுடையது கண்ணாடி வைத்த பழைய கேமரா, வியூஃபைண்டரை மூடு. பின்பக்கமிருந்து நுழையும் வெளிச்சம் நடுவில் ஒரு வெளிறிய பட்டை போட்டுவிடும். கழுத்துப் பட்டையைக் கழற்று, காற்றில் அது அடிக்கும் ஒவ்வொரு அடியும் டிரைபாட்டுக்குப் போகும். நடுத்தண்டை உயர்த்தாதே. இதை உன்னிடமே சொல்ல வேண்டியிருக்கிறதே, முக்காலி!

இரண்டு ஃபில்டர் சேர்த்தால் அகல லென்ஸில் மூலை இருளும். மாற்று வழி: பதினைந்து வினாடிப் படம் இருபது, இடைவெளியே இல்லாமல் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் அடுக்கி ‘Mean’ கணக்கில் சராசரி எடு. ஐந்து நிமிடத்துக்குச் சமம், நாய்ஸும் குறையும். நடுவில் வெயில் அடித்துக் கெடுத்த இரண்டு படத்தைத் தூக்கிப்போடலாம். ஆனால் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடு. அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் இருட்டுப் படம் எடுக்கும், மேகம் துண்டு துண்டாகிவிடும். திசையையும் பார். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து உன்னை நோக்கி மேகம் வந்தால்தான் கோடுகள் விசிறியாக விரியும். குறுக்கே போனால் தட்டையான பட்டைகள்தான்.

முதல் படத்தில் சாய்வு. ஒன்று நன்றாகச் சாய், இல்லை நிமிர்ந்து நில். இரண்டு டிகிரி சரிவு தவறு செய்தது மாதிரிதான் தெரியும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த விடும் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை இரவல் வாங்கு. கேமராவை மட்டமாக, நெட்டுவாக்கில் வைத்து 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 36 மி.மீ. சட்டத்தில் தொடுவானம் நடுவிலிருந்து இறங்கி, அடியிலிருந்து ஆறில் ஒரு பங்கில் வந்து நிற்கும். மேலே அத்தனையும் கட்டடத்துக்கு. மென்பொருளில் நிமிர்த்தினால் மேல்பக்கப் பிக்சல் இழுபட்டு மழுங்கும். ரொம்பக் கிட்ட நின்று எடுத்த கோபுரத்தை மட்டும் முழுசாக நிமிர்த்தாதே, தலை பெருத்துத் தெரியும். துளி சாய்வை விட்டுவை.

இரண்டாவது படத்தின் ரா கோப்பை அனுப்பு. ஜேபெக் வேண்டாம். இடதுமுகத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார்க்கிறேன். மூன்றாவதில் படியில் நிற்கிறானே ஓர் ஆள், அவனை அழித்துத் தொலைக்காதே. கட்டடத்தின் அளவே அவனால்தான் தெரிகிறது. நான்கு நிமிடம் திறந்தால் பாதி ஆவியாகத்தான் வருவான். டிரைபாட்டை நகர்த்தாமல், ஃபில்டரைக் கழற்றி 1/125-இல் அவனுக்கென்று தனியாக ஒன்று எடுத்துவிடு. ஃபில்டரைத் திருகும்போது ஃபோகஸ் வளையத்தில் கை படாமல் பார்த்துக்கொள்.

உன்,
பழைய இருட்டறைக் கூட்டாளி